லிங்கம் இல்லை, லைட் ஹவுஸ்

கலங்கரை விளக்கத்துக்கும் சிவலிங்கத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஊரில் நான் வளர்ந்தேன். ஏதோ குக்கிராமத்தைச் சொல்லவில்லை. கடற்கரையிலேயே ஒரு கலங்கரை விளக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிற மயிலாப்பூரையும் அதையொட்டிய அபிராமபுரத்தையும்தான் சொல்கிறேன். தினமும் கண்டக்டரிடம் 'ஒரு லைட் ஹவுஸ்' என்று டிக்கெட் வாங்குகிற அதே ஜனங்கள், எங்கள் வீட்டுக்கு வந்து, நான் கட்டிய லைட் ஹவுஸைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை லைட் ஹவுஸ் என்பது இறங்கவேண்டிய ஸ்டாப். சிவப்பும் வெள்ளையுமாக மணலில் நிற்கும், பக்கத்தில் பஜ்ஜி கிடைக்கும். அதற்கும் கப்பலுக்கும் ஏதோ சம்பந்தம் உண்டு என்பது யாருக்கும் நினைவில் இல்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா சரக்குக் கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். கப்பலை அவர் 'வண்டி' என்றுதான் சொல்வார். அந்த வருஷம் லீவு முடிந்து கிளம்புவதற்கு முன், சூட்கேஸில் சட்டைகளை அடுக்கிக்கொண்டே ஒரு லைட் ஹவுஸைப் பற்றிச் சொன்னார்.

"நடுக்கடல்ல ஒரு குட்டிப் பாறைத் தீவு. வீடு இல்ல, மரம் இல்ல. ஒரே ஒரு லைட் ஹவுஸ். குட்டையா, குண்டா, வெள்ளை வெளேர்னு நிக்கும். அந்தக் கரை முழுக்க பாறை. பாதி தண்ணிக்குள்ள ஒளிஞ்சிருக்கும், கண்ணுக்கே தெரியாது. அந்த லைட்டைப் பார்த்துத்தான் எங்க வண்டி ஒதுங்கிப் போகும்."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. கொலுப் படிகளுக்குக் கீழே, தரையில் பிள்ளைகள் பார்க் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி பார்க்தான் இருக்கும். முளைவிட்ட கடுகுதான் புல், கண்ணாடித் துண்டுதான் குளம், அதன்மேல் பிளாஸ்டிக் வாத்து. அந்த வருஷம் எங்கள் வீட்டில் வாத்து கிடையாது என்று நான் அறிவித்துவிட்டேன். கடல்தான். போனில் சொன்னபோது அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "சரஸ்வதி பூஜை சமயத்துல எப்படியும் போர்ட்டுக்கு வந்துடுவோம். வீடியோல காட்டு. ஒழுங்கா கட்டியிருக்கியான்னு நான் பார்க்கணும்" என்றார். அப்பா பார்க்கப்போகிறார் என்பதால் நான் எதிலும் ஏமாற்றவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது எங்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர்தான் எனக்கு உதவி. வடக்கு மாடவீதியில் பிள்ளையார் செய்து விற்றவரிடம் களிமண் வாங்கி வந்தார். பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு, துணிக்குப் போடும் நீலத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தோம். எதிர் பிளாட் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் பொறுக்கிய கருங்கல் ஜல்லிகள் பாறைகளாயின. சில பாறைகள் தண்ணீருக்கு மேலே இருந்தன, சிலவற்றை முங்கும்படி வைத்தேன். நடுவில் வட்டமாகக் களிமண் மேடை. படகு வந்து நிற்க ஒரு பக்கம் மட்டும் மேடையை நீட்டிவிட்டேன். அதன்மேல் வெள்ளைத்தாள் சுற்றிய பவுடர் டப்பா. டப்பாவின் தலையில் பாதியாக வெட்டிய பிங்பாங் பந்து, அதற்குள் பல்பு. உடைந்துபோன என் பொம்மைக் காரிலிருந்து மாமா மோட்டாரைக் கழற்றிப் பல்பைச் சுற்றவைத்தார். இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் கிர் என்ற சத்தத்தோடு விளக்கு சுற்றும். கொஞ்சம் தள்ளி, ஒரு பிளாஸ்டிக் கப்பல் பத்திரமாக ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது.

வட்டமான மேடை, ஒரு பக்கம் நீட்டல், நடுவில் குட்டையாக, குண்டாக, தலை உருண்டையான ஒன்று. நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. எட்டு வயதில் எனக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் மாற்றியிருக்க மாட்டேன். அப்பா சொன்னது அப்படித்தான்.

முதல் நாள் சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது. மேல்மாடி மாமி உள்ளே நுழைந்ததும் படியில் இருக்கும் பொம்மைகளைக்கூடப் பார்க்கவில்லை. "அடடா, கைலாசமா! அபிஷேக ஜலம் போறதுக்குக் கோமுகி எல்லாம் வெச்சு என்ன அழகா பண்ணிருக்கு குழந்தை!" என்று தாம்பாளத்தின் முன்னால் கை கூப்பினாள். நான் மரியாதையாகத்தான் சொன்னேன்.

"மாமி, அது லைட் ஹவுஸ்."

"லைட் ஹவுஸா? நம்ம பீச்ல இருக்கறது இப்படியா இருக்கு?"

அடுத்து வந்தவர்கள் கன்னியாகுமரி என்றார்கள், பாறையைப் பார்த்ததும் அதுதான் தோன்றியதாம். திருவள்ளுவரை எங்கே காணோம் என்று அவர்கள் வேறு என்னைக் கேள்வி கேட்டார்கள். தண்ணீர் கேன் போட வந்தவர் கேனைத் தோளிலிருந்து இறக்காமலே எட்டிப் பார்த்தார். "இன்னா பாப்பா, செல் டவரா? எங்க வூட்டாண்ட மொட்ட மாடில இப்டித்தான் ஒண்ணு வெச்சிக்கினு கீறானுங்க" என்றார். அவராவது சாமி என்று சொல்லவில்லையே என்று இருந்தது எனக்கு.

நான் ஒவ்வொருவருக்கும் சொன்னேன். இது தீவு, இது பாறை, இது எங்கப்பா வண்டி. சொன்னால் எல்லாரும் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள். "ஓ, அப்பா கப்பல்லதானே இருக்காங்க! எப்படி இருக்காங்க? இப்ப எங்க இருக்காங்க? எப்ப வருவாங்க?" அம்மா சுண்டல் பொட்டலத்தைக் கொடுத்துக்கொண்டே சிரித்த முகமாகப் பதில் சொல்வாள். அவளுக்கு அதில் பெருமைதான். விளக்கைப் பகலில் எரியவிட்டால் மட்டும் திட்டுவாள். "பட்டப்பகல்ல யாருக்குடி லைட்டு? பேட்டரி என்ன மரத்துலயா காய்க்குது?" என்பாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஹால் நிறைய ஆட்கள் இருந்தபோது அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. பால்கனிக்குப் போய்ப் பேசினாள். திரும்பி வந்தவள் முன்போலவே வெற்றிலை பாக்கு கொடுத்தாள், குங்குமம் கொடுத்தாள். எல்லாரும் போனபின் சுண்டலை வாயில் போட்டுப் பார்த்தேன், உப்பே இல்லை. வந்தவர்கள் முதலில் போட்டதைத் தின்றிருக்கிறார்கள், அது நன்றாக இருந்தது. போனுக்குப் பிறகு அம்மா தாளித்த இரண்டாவது பாத்திரத்தில்தான் உப்பு இல்லை. நான் போய்ச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள், "அப்படியா" என்றாள்.

அது கப்பல் கம்பெனியிலிருந்து வந்த போன். அப்பாவின் கப்பல் போன வழியில் பெரும் புயல். பாறைகள் நிறைந்த அந்தக் கரையோரம் கப்பல் இருப்பதாகக் கடைசியாகத் தகவல் வந்ததாம், அதன்பிறகு ஒன்றும் இல்லையாம். கப்பல் மிதக்கிறதா மோதியதா என்பதே யாருக்கும் தெரியாது. இது அம்மாவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும், மேல்மாடி மாமிக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் சொல்லவில்லை. அவர் என் அப்பா. மேல்மாடி மாமிக்குச் சொல்லலாம், எனக்குச் சொல்லக் கூடாது! இதை எழுதும்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. குழந்தைக்கு எதற்கு என்று ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்களே, அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஆகாது.

சொல்லாவிட்டால் தெரியாமல் போய்விடுமா? அரைகுறையாகத் தெரியும். மறுநாள் காலை மாமா சமையலறையில் அம்மாவிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் கேட்டுட்டேன்க்கா. இன்னும் காண்டாக்ட் இல்லையாம்."

எனக்குத் தெரிந்த காண்டாக்ட், செல்போனில் இருப்பது. அம்மாவின் போனில் அப்பாவின் நம்பரை 'அப்பா கப்பல்' என்று பதிந்து வைத்ததே நான்தான். அம்மா தெரியாமல் அழித்துவிட்டாளோ என்று ஓடிப்போய்ப் போனை எடுத்துப் பார்த்தேன். நம்பர் அப்படியே இருந்தது. கொண்டுபோய் மாமாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"யாரு இல்லைன்னது? இதோ இருக்கு பாருங்க காண்டாக்ட். முதல் பேரே அதான்."

மாமா போனை வாங்கிப் பார்த்தார். "ஆமா, இருக்கு" என்றார். பிறகு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டார். வெகு நேரம் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீரை வீணாக்காதே என்று தினமும் எனக்குப் பாடம் எடுக்கிறவர் அவர். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்று எனக்குக் கோபம்.

மேல்மாடி மாமி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வருஷம் கொலுவை இத்தோட நிறுத்திக்கலாமோன்னோ? யாரும் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா. உனக்கு எத்தனை சிரமம்" என்றாள்.

அம்மா குரலை உயர்த்திப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. அன்று உயர்த்தினாள். "எதுக்கு நிறுத்தணும்? நடுவுல படி கலைச்சா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா? என் வீட்டுல ஒண்ணும் ஆகல. விஜயதசமி வரைக்கும் கொலு இருக்கும்."

கொலு நிற்காது என்பதால் அந்தச் சண்டையில் நான் அம்மாவின் கட்சி.

அன்று மத்தியானம்தான் மாமா அந்தக் காரியத்தைச் செய்தார். நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், என் லைட் ஹவுஸின் வெள்ளைத்தாளில் பட்டையாக மூன்று கோடு விபூதி. தலையில் ஒரு செவ்வந்திப் பூ. அடியில் ஒரு வில்வ இலை. பிளாஸ்டிக் கப்பலைக் காணோம், அது இருந்த இடத்தில் மேல்படியிலிருந்து இறங்கி வந்த நந்தி பொம்மை உட்கார்ந்திருந்தது. கடலில் நந்தி!

"என்ன மாமா இது?"

"இனிமே இது கைலாசம்."

"கைலாசத்துல எதுக்கு லைட்டு சுத்துது?"

"சுத்த வேண்டாம். லைட்டு போடாதே. யாராவது கேட்டா லிங்கம்னு சொல்லு. லைட் ஹவுஸ்னு வாயைத் திறந்தே, உதை விழும்."

எல்லாரும் தப்பாகப் புரிந்துகொண்டபோது அது அவர்களின் அறியாமை. ஆனால் மாமா என்னோடு உட்கார்ந்து ஜல்லி பொறுக்கியவர். மோட்டாரைப் பொருத்தியவர். அவரே மாற்றிச் சொல்கிறார் என்றால் என்ன அநியாயம்! லைட் ஹவுஸ் என்று தெரிந்தால் வருகிற ஒவ்வொருவரும் அப்பாவைப் பற்றி அம்மாவிடம் கேட்பார்கள், லிங்கம் என்றால் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்ற கணக்கு அவருக்கு. அதை ஒரு வார்த்தையில் என்னிடம் சொல்லியிருந்தால் நானே விபூதி பூசியிருப்பேன். சொல்லவில்லை.

அடுத்த நாட்கள் எனக்கு நரகமாக இருந்தன. வருகிறவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து கும்பிட்டார்கள். 'குழந்தைக்கு இந்த வயசுல எவ்வளவு பக்தி' என்று என் கன்னத்தைக் கிள்ளினார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்பா வீடியோவில் பார்த்தால் என்ன நினைப்பார் என்பதுதான் என் கவலை. வெள்ளை வெளேர் என்று சொன்னாரே, இவள் பட்டை போட்டு வைத்திருக்கிறாளே என்று நினைக்கமாட்டாரா?

ஒருநாள், டி. நகரிலிருந்து அம்மாவுக்குத் தெரிந்த ஒரு பாத்திரக் கடைக்காரர் வீட்டம்மா வந்தார். கழுத்து நிறைய நகை போட்டுக்கொண்டு, தாம்பாளத்தின் முன் சப்பணமிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிச் சிவன்மேல் ஒரு பாட்டை எடுத்தார். நீளமான பாட்டு. ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் கை கூப்பி நின்றார்கள். பாட்டு முடிந்ததும் கையிலிருந்த உதிரிப் பூவை என் லைட் ஹவுஸின் தலைமேல் போட்டார். அதில் பாதி தண்ணீரில் விழுந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அது சாமி இல்ல! லைட் ஹவுஸ்! எங்கப்பா கப்பல் பாறையில இடிக்காம இருக்கிறதுக்கு வெச்சது!"

அந்த அம்மாள் சிரித்தார். நல்ல மனுஷிதான், வேண்டுமென்று கேட்கவில்லை.

"அப்படியா கண்ணு? அப்பா கப்பல்லயா இருக்காக? இப்ப எந்தக் கடல்ல போய்ட்டு இருக்காக?"

எனக்குத் தெரியாது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வெற்றிலைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். "நல்லா இருக்காங்க" என்றாள். கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மாமா என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்தினார். உண்மையைச் சொன்னதற்கு எனக்குப் பால்கனி. பொய்யைச் சொன்னவர்களுக்குச் சுண்டல்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள். காலாண்டு லீவாதலால் காலையிலிருந்து கீழே விளையாடிவிட்டு உச்சிவெயிலில் வீட்டுக்கு வந்தேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே கிர் என்று சத்தம் கேட்டது. என் மோட்டார்!

பட்டப்பகல். ஜன்னல் வழியே வெயில் தரையில் கொட்டுகிறது. லைட் ஹவுஸ் எரிந்து சுற்றிக்கொண்டிருந்தது. விபூதியை யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள், தாள் கொஞ்சம் நனைந்து சுருங்கியிருந்தது. பூ இல்லை, வில்வம் இல்லை. நந்தி படிக்குப் போயிருந்தது. என் பிளாஸ்டிக் கப்பல் பழைய இடத்தில் இருந்தது. பக்கத்தில் டிவி ரிமோட் முதுகு திறந்து கிடந்தது, அதன் பேட்டரி இரண்டும் லைட் ஹவுஸுக்குப் போய்விட்டன. அம்மா தாம்பாளத்தின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். கையைக் கூப்பியிருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை.

இவளுமா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரே ஏமாந்தாலும் அம்மா ஏமாறமாட்டாள் என்று இருந்தேன். கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து தாள் ஒட்டப் பசை காய்ச்சிக் கொடுத்தவள் அவள். அவளே கடைசியில் சிவலிங்கம் என்று நம்பிக் கும்பிடுகிறாள்!

"அம்மா! அது லைட் ஹவுஸ்மா!"

அம்மா திரும்பவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தெரியும்டி."

தெரிந்துகொண்டே கும்பிடுகிறவளை என்ன செய்வது? பகலில் பேட்டரியை வேறு தீர்க்கிறாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடியும் கீழே போய்விட்டேன்.

விஜயதசமி காலை போன் வந்தது. அம்மாதான் எடுத்தாள். எடுத்தவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா போனைப் பிடுங்கிக் காதில் வைத்து, "அத்தான், அத்தான்" என்று கத்தினார். மாடிப்படியில் ஓடி மேல்மாடி மாமியைக் கூப்பிட்டார். யாருக்கும் நான் அங்கே இருப்பது நினைவில்லை. கடைசியில் அம்மா என்னைப் பார்த்து, போனை வாங்கி என் கையில் கொடுத்தாள்.

"பாப்பா" என்றார் அப்பா. குரல் கரகரவென்று இருந்தது. "எப்படிடா இருக்கே?"

எப்படி இருக்கிறேனா? நவராத்திரி முழுக்கச் சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் கொட்டினேன். இங்கே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்றேன். மாமா பட்டை போட்டதைச் சொன்னேன். உங்கள் கப்பலை எடுத்துவிட்டு நந்தியை வைத்தார்கள் என்றேன். பாட்டுப் பாடினதைச் சொன்னேன். என்னைப் பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்தியதைச் சொன்னேன்.

"அதெல்லாம்கூடப் பரவாயில்லப்பா. இந்த அம்மா இருக்காளே, பட்டப்பகல்ல லைட்டைப் போட்டு வெச்சு, முன்னாடி உட்கார்ந்து கும்பிடறாப்பா. லைட் ஹவுஸ்னு தெரிஞ்சே கும்பிடறா! வந்து என்னன்னு கேளுங்க!"

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று இரண்டுமுறை ஹலோ சொன்னேன். போகவில்லை. மூச்சை இழுத்து இழுத்து விடுகிற சத்தம் கேட்டது. பேச ஆரம்பிப்பார், வார்த்தை வராமல் மறுபடி அதே சத்தம். எனக்குப் புரிந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரிக்கிறார்.

"சிரிக்காதீங்கப்பா! நான் நிஜமா சொல்றேன்!"

அப்போதும் அவர் நிறுத்தவில்லை. ஆத்திரத்தில் போனை அம்மாவிடம் நீட்டினேன். அவளும் என்னைப் பார்த்துக்கொண்டு, புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும் அளவுக்கு அதே சிரிப்புத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்ற மாமாவுக்கும் தோள் குலுங்கியது. என் நியாயத்தைக் கேட்க அந்த வீட்டில் ஒருத்தர்கூட இல்லை. அன்று முழுக்க நான் யாரோடும் பேசவில்லை.